கதவைத் தட்டும் ஓசை

சென்ற ஆண்டு எங்கள் பங்கின் பாதுகாவலர் திருவிழாவில், தேர்ப்பவனி நடந்த இரவை என்னால் எளிதில் மறக்க இயலாது. மல்லிகைச் சரங்களாலும் வண்ண விளக்குகளாலும் அணி செய்யப்பட்ட தேர் ஆலய முற்றத்தில் வந்து நின்றது. முற்றத்தின் இருபுறமும் ஆளுயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்த ஒலிப்பெட்டிகளிலிருந்து பாடல் எழுந்தது. பாடல் எழுந்தது என்பதைவிடத் தரை எழுந்தது என்று சொல்வதே பொருந்தும். காலடி மண் அதிர்ந்தது. அந்த அதிர்வு முழங்கால் வழியே ஏறி நெஞ்சுக்கூட்டில் வந்து அமர்ந்தது. இளைஞர்கள் துள்ளினார்கள். கைக்குழந்தைகளை இடுப்பில் ஏந்திய தாய்மார்கள் தம்மையறியாமல் அசைந்தார்கள். 68 வயதைக் கடந்த நானும், கையில் செபமாலையோடு, தாளத்துக்கேற்பத் தலையாட்டிக்கொண்டு நின்றேன். அந்த மகிழ்ச்சியைப் பொய்யென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல நாள் பேசாதிருந்த இருவர் அன்று தோளோடு தோள் சேர்ந்து தேர்வடம் பிடித்ததை என் கண்ணாலேயே கண்டேன்.

அந்த ஒலிப்பெட்டிகளை வரவழைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. விழாக்குழுக் கூட்டத்தில் இளைஞர்கள், "ஐயா, போன வருசம் சவுண்டு எடுபடலை. இந்த வருசம் பேஸ் நல்லா இருக்கணும்" என்று கேட்டார்கள். பேஸ் என்றால் என்னவென்று எனக்கு அன்று சரியாகத் தெரியாது. எனினும் பிள்ளைகளின் ஆர்வத்தைத் தடுப்பானேன் என்று எண்ணிக் கூடுதல் செலவுக்குக் கணக்கெழுதிக் கையொப்பமிட்டேன்.

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்து திரும்புகையில், ஆலய மதிற்சுவரை அடுத்த வீட்டிலிருந்து ஒருவர் வெளியே வந்தார். நம் சமயத்தவர் அல்லர். ஆயினும் ஆண்டுதோறும் தேருக்கு ஒரு மாலை அவர்கள் வீட்டிலிருந்து வருவது வழக்கம். அவருடைய தாயார் பக்கவாதத்தால் இரண்டு ஆண்டுகளாகப் படுக்கையில் இருப்பவர். குறைகூறும் குரலில் அல்லாமல், நடந்ததைத் தெரிவிக்கும் குரலில் அவர் சொன்னார்: "அம்மா ராத்திரி தூங்கவே இல்லை சார். யாரோ கதவைத் தட்டுறாங்க, போய்ப் பாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நானும் மூணு தடவை கதவைத் திறந்து காட்டினேன். அப்படியும் நம்பலை."

எனக்கு நா எழவில்லை. உள்ளே சென்று அந்த அம்மையாரின் கட்டிலருகே நின்றேன். "எங்களை மன்னிச்சிடுங்கம்மா" என்றேன். அவர் இடக்கையால் என் விரலைப் பற்றிக்கொண்டார். பேச்சு சற்றுக் குழறினாலும் சொல் தெளிவாகவே இருந்தது. "சாமி ஊர்வலம்தானே தம்பி, அதுக்கென்ன" என்றவர், சிறிது நேரம் கழித்து, "பாட்டு நல்லா இருந்துச்சா? எனக்கு ஒரு பாட்டும் கேக்கலையே" என்றார்.

அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. அன்றிரவு நாங்கள் பாடியவை ஆண்டவர் தரும் அமைதியைப் பற்றிய பாடல்கள். ஆலயச் சுவரிலிருந்து இருபது அடி தள்ளிப் படுத்திருந்தவருக்கு அவற்றில் ஒரு சொல்கூடப் போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்தது கதவைத் தட்டும் ஓசை மட்டுமே. இது எப்படி நேர்கிறது என்று அறிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில், பின்வந்த மாதங்களில் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். அறிந்தவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வது என் கடமை என்று கருதுகிறேன்.

மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை உள்ள ஒலிகளைக் கேட்கவல்லது. இவ்வதிர்வெண்ணை ஹெர்ட்ஸ் என்னும் அலகால் குறிப்பர். இவற்றுள் அடிப்படியில் உள்ள, ஏறத்தாழ 20 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளையே இளைஞர்கள் பேஸ் என்கிறார்கள். நாம் தாழ்சுருதி ஒலி எனலாம். 5,000 ஹெர்ட்ஸ் கொண்ட உயர்ந்த ஒலியின் அலைநீளம் காற்றில் சுமார் 7 சென்டிமீட்டர். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ சுமார் 7 மீட்டர். உயர்ந்த ஒலியைச் சுவர் பெருமளவு தடுத்துவிடுகிறது. தாழ்ந்த ஒலியோ சுவரையும் சாளரத்தையும் கதவையும் அதிரவைத்து உள்ளே நுழைகிறது. ஒரு சொல்லை இன்ன சொல்லென்று நமக்கு உணர்த்தும் மெய்யொலிகளில் பலவும் உயர்ந்த அதிர்வெண்களிலேயே உள்ளன. ஆகவே பாடல் சுவரைக் கடக்கும்போது, சொல் வெளியே நின்றுவிடுகிறது, அடி மட்டும் உள்ளே போகிறது. அம்மையார் கேட்டது பிரமையன்று. அவருடைய வீட்டுக் கதவு மெய்யாகவே அதிர்ந்துகொண்டிருந்தது.

இனி அவ்வொலி மனத்தில் செய்வது என்ன? முதலில் அதன் நன்மையைச் சொல்வதே நேர்மை. தாயின் கருவறையில் இருக்கும் குழந்தையை வெளியுலகின் ஒலிகளில் முதன்மையாகச் சென்றடைவன தாழ்ந்த ஒலிகளே. தாயின் இதயத் துடிப்பும் அவ்வகையினதே. நம் மூளையும் தாளத்தின் காலக்கணக்கைத் தாழ்ந்த ஒலியிலிருந்தே நுட்பமாகப் பற்றிக்கொள்கிறது. ஒரே நேரத்தில் உயர்ந்த ஒலியும் தாழ்ந்த ஒலியும் ஒலிக்கையில், தாழ்ந்த ஒலியில் நேரும் காலப்பிழையையே மூளை கூர்மையாகக் கண்டுகொள்கிறது என்பதைக் கனடா நாட்டு மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்டனர். மேளத்தையும் தவிலையும் தாளத்துக்கு வைத்து, குழலையும் நாகசுரத்தையும் இசைக்கு வைத்த நம் முன்னோர் இதனைப் பட்டறிவால் அறிந்திருந்தனர் போலும்.

அதே பல்கலைக்கழகத்தில் நடந்த மற்றோர் ஆய்வு 2022-இல் வெளிவந்தது. மின்னணு இசைக் கச்சேரி ஒன்று நடந்துகொண்டிருக்கும்போதே, 8 முதல் 37 ஹெர்ட்ஸ் வரையிலான மிகத் தாழ்ந்த ஒலியை எழுப்பும் ஒலிபெருக்கிகளை இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை இயக்கியும் நிறுத்தியும் பார்த்தனர். கூடியிருந்தோரின் அசைவுகளைத் தலைப்பட்டை வழியாக அளந்தனர். ஒலிபெருக்கிகள் இயங்கிய வேளையில் மக்கள் 11.8 விழுக்காடு மிகுதியாக ஆடினர். அவ்வொலி இருக்கிறதா இல்லையா என்பதைத் தனியே சோதித்தபோது மனிதரால் கண்டுபிடிக்க இயலவில்லை. நாம் அறியாமலேயே நம் உடல் அதற்கு விடையளிக்கிறது என்பதே இதன் பொருள். அன்றிரவு என் தலை ஏன் ஆடிற்று என்பது எனக்கு அப்போது விளங்கியது.

காதின் உட்புறத்தில், கேட்கும் பகுதிக்கு அருகே, உடலின் சமநிலையைக் காக்கும் நுண்ணுறுப்புகள் உள்ளன. உரத்த தாழ்சுருதித் தாளம் இவற்றையும் தூண்டுகிறது என்பதை இங்கிலாந்தின் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் இருவர் 2000-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தனர். ஊஞ்சலாடும்போதும் இராட்டினத்தில் சுற்றும்போதும் எழும் கிளர்ச்சிக்கு உறவான ஒன்றை இளைஞர்கள் அந்த ஒலியில் தேடுகிறார்கள் என்று கொள்ளலாம். ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற தாளக் கலைஞர் ஈவலின் கிளெனி, 12 வயதுக்குள் செவித்திறனைப் பெரிதும் இழந்தவர். அவர் காலணியைக் கழற்றிவிட்டு மேடையில் நின்று, தரையின் அதிர்வைப் பாதத்தால் உணர்ந்து வாசிப்பவர். காது கேளாதவரையும் இசைக்குள் அழைத்துக்கொள்ளும் ஒலியை நாம் எவ்வாறு இகழ முடியும்?

அடிமைத்தனத்தின் தழும்புகளைச் சுமந்த ஜமைக்கா நாட்டில், 1950-களில், கிங்ஸ்டன் நகரின் ஏழை மக்கள் பெரிய ஒலிப்பெட்டிகளைத் தெருவிலே அடுக்கி நடனக் கூடங்களை உண்டாக்கினர். செல்வர்களின் அரங்குகளுக்குள் நுழைய வழியற்றோருக்கு அந்தத் தெருவே அரங்காயிற்று. இன்று உலகெங்கும் கேட்கும் அதிரும் இசையின் ஒரு வேர் அங்கே உள்ளது. 1980-இல் ஜப்பானின் ரோலண்டு நிறுவனம் வெளியிட்ட தாளப்பொறி ஒன்று, நீண்டு முழங்கும் தாழ்ந்த அடியை எவர் கைக்கும் எட்டச் செய்தது. நம் நாட்டிலும் பறையை இழிவென்று ஒதுக்கி, அதனை முழக்கியவர்களையும் ஒதுக்கிய பாவம் நம்மிடம் உண்டு. அப்பாவத்தில் திருச்சபைக்குள் இருந்த நாமும் பங்கு பெற்றோம். எனவே முழங்கும் இசையையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கமன்று. பறை முழக்கும் கை ஒரு கட்டத்தில் ஓயும், எதிரே நிற்பவரின் முகத்தை அந்தக் கலைஞர் காண்பார். ஒலிப்பெட்டிக்குக் கையும் இல்லை, கண்ணும் இல்லை. வேறுபாடு அங்கேதான் தொடங்குகிறது.

தாழ்ந்த ஒலி கேட்பவருக்கு வலிமை உணர்வைத் தருகிறது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே இசையைத் தாழ்சுருதி மிகுத்தும் குறைத்தும் வெவ்வேறு குழுவினருக்குக் கேட்பித்தனர். மிகுத்துக் கேட்டவர்கள் தம்மை வலிமையுடையோராக உணர்ந்தனர். அதிகாரத்தோடு தொடர்புடைய சொற்கள் அவர்கள் மனத்தில் எளிதில் தோன்றின. 2014-இல் வெளிவந்த இம்முடிவு நமக்குப் புதிதன்று. பண்டைத் தமிழ் வேந்தர் முரசத்தைத் தம் ஆட்சியின் அடையாளமாகப் போற்றினர். அதற்குக் கட்டில் அமைத்து, நீராட்டி, மாலை சூட்டினர். பகைவரின் முரசைக் கவர்வது அவரது அரசையே கவர்வதற்கு ஒப்பாயிற்று. முழங்குகிறவன் எவனோ அவனுக்கே ஊர் உரியது என்னும் எண்ணம் மனித மனத்தின் ஆழத்தில் இருக்கிறது. இரவு வேளையில் அதிரும் காரை ஓட்டிச் செல்லும் இளைஞனிடமும் அது உண்டு. திருவிழாவில் பக்கத்து ஊரைவிட நம் ஒலி ஓங்கவேண்டும் என்று விரும்பிய என்னிடமும் அது இருந்தது.

வலிமையை ஒருவர் எடுத்துக்கொள்ளும்போது, அதனை இழப்பவர் ஒருவர் எங்கோ இருக்கிறார். அமெரிக்க உளவியலாளர்கள் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் ஆகிய இருவரும் இரைச்சலைப் பற்றிச் செய்த ஆய்வுகளை 1972-இல் நூலாக வெளியிட்டனர். அதில் ஒரு சோதனை என் உள்ளத்தைத் தொட்டது. எப்போது வரும் என்று அறியமுடியாத பேரிரைச்சலைச் சிலருக்குக் கேட்பித்தனர். அவர்களுள் ஒரு பிரிவினரிடம், "தாங்க முடியாவிட்டால் இந்தப் பொத்தானை அழுத்துங்கள், இரைச்சல் நின்றுவிடும்" என்று கூறியிருந்தனர். அப்பிரிவினர் பெரும்பாலும் பொத்தானை அழுத்தவே இல்லை. இரு பிரிவினரும் ஒரே அளவு இரைச்சலைக் கேட்டனர். எனினும், பின்னர் தரப்பட்ட கடினமான பணிகளில் பொத்தான் இருந்தவர்கள் பொறுமையோடு முயன்றனர். இல்லாதவர்கள் விரைவில் சோர்ந்து கைவிட்டனர். மனத்தை முறிப்பது ஓசையின் அளவு மட்டுமன்று. அதை நிறுத்தத் தனக்கு வழியில்லை என்னும் உணர்வும் மனத்தை முறிக்கிறது. முற்றத்தில் நின்ற எனக்கு விரும்பியபோது விலகிச் செல்லக் கால்கள் இருந்தன. கட்டிலில் கிடந்த அம்மையாரிடம் பொத்தான் ஏதும் இல்லை.

சட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு கட்டியுள்ளன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. சமய, பண்பாட்டு விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். ஆனால் இவ்வரம்புகளை அளக்கும் முறையில் ஒரு நுட்பம் உள்ளது. மனிதச் செவி தாழ்ந்த ஒலியை மங்கலாகவே கேட்கிறது என்பதால், அளவீட்டில் அவ்வொலியின் பங்கு குறைத்தே கணக்கிடப்படுகிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அளவிலிருந்து ஏறத்தாழ 30 டெசிபல் கழிக்கப்படும். ஆகவே கருவி காட்டும் எண் சட்டத்துக்கு உட்பட்டிருக்கையிலேயே, ஒரு வீட்டின் கதவு அதிர்ந்துகொண்டிருக்கக் கூடும். சட்டத்தின் கருவியால் அளக்க முடியாததை அளக்கத்தான் இறைவன் நமக்கு மனச்சான்று தந்திருக்கிறார்.

இதே 2000-ஆம் ஆண்டில், சென்னையிலுள்ள பெந்தகோஸ்து செபக்கூடம் ஒன்றின் ஒலிபெருக்கிகளையும் மேளங்களையும் குறித்து அக்கம்பக்கத்தார் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறருடைய அமைதியைக் குலைத்து இறைவேண்டல் செய்யுமாறு எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். அது பிறிதொரு சபையாரின் வழக்கு என்று நாம் கைகழுவிவிட முடியாது. அன்று அவர்கள் நின்ற இடத்தில் நம் பங்குகளில் எத்தனையோ நிற்கக்கூடும்.

தாழ்ந்த ஒலி திருச்சபைக்குப் புதிதுமன்று. ஐரோப்பியப் பேராலயங்கள் பலவற்றின் ஆர்கன் இசைக்கருவியில் 32 அடி நீளக் குழாய்கள் உள்ளன. அவற்றின் மிகத் தாழ்ந்த சுரம் ஏறத்தாழ 16 ஹெர்ட்ஸ். அது காதுக்குக் கேட்பதைவிட மிகுதியாக உடலுக்குப் புலப்படும். 2003-இல் இலண்டன் கச்சேரி ஒன்றில், 17 ஹெர்ட்ஸ் ஒலியைச் சில பகுதிகளில் மறைவாகக் கலந்து சோதித்தனர். அவ்வொலி கலந்த வேளைகளில் முதுகுத்தண்டு சில்லிட்டதாகவும், இனம்புரியாத துயரம் சூழ்ந்ததாகவும், அச்சம் எழுந்ததாகவும் கூறியவர்கள் மிகுந்தனர். இதைப் படித்தபோது எனக்குச் சற்று நடுக்கமே உண்டாயிற்று. நெஞ்சு அதிர்வதையெல்லாம் தூய ஆவியாரின் வருகையென்று எண்ணி மயங்கிவிடலாம் அல்லவா? ஒலிப்பெட்டி தரும் சிலிர்ப்பும் மனமாற்றம் தரும் கண்ணீரும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றலாம். மறுநாள் காலையில்தான் அவை வேறுபடும். மனமாறியவன் மறுநாள் பக்கத்து வீட்டாரின் நலம் விசாரிப்பான்.

புனித அகுஸ்தினார் தம் 'ஒப்புதல்கள்' நூலின் பத்தாம் பிரிவில் இத்தகைய ஐயத்தோடு போராடுகிறார். மிலான் நகர ஆலயத்தில் திருப்பாடல்களைக் கேட்டுத் தாம் அழுததை நினைவுகூரும் அவர், பாடப்படும் பொருளைவிடப் பாட்டின் இன்பமே தம்மை மிகுதியும் ஈர்த்ததுண்டு என்று வருந்துகிறார். ஆயினும் பாடலை அவர் விலக்கிவிடவில்லை. திருச்சபையும் காலத்துக்கேற்ப இதில் நடந்துவந்துள்ளது. திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1903-இல் மேளம் போன்ற இரைச்சல்மிகு கருவிகளை ஆலயத்தில் விலக்கினார். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருவழிபாட்டுக்குத் தகுந்தவையாயின் பிற கருவிகளையும் ஏற்கலாம் என்று வாயிலைத் திறந்தது. நம் மண்ணின் மேளமும் பறையும் பலிபீடத்தின் அருகே வந்தது அந்த வாயில் வழியாகத்தான். தகுதி என்னும் சொல்லைச் சங்கம் நம் பொறுப்பில் விட்டிருக்கிறது. அடுத்த வீட்டு நோயாளியின் உறக்கமும் அச்சொல்லுக்குள் அடங்கும் என்பது என் எளிய கருத்து.

விவிலியத்தில் இடிமுழக்கமும் உண்டு, எக்காளமும் உண்டு. சீனாய் மலை அதிர்ந்தது. எரிகோவின் மதில் முழக்கத்தில் விழுந்தது. ஆனால் களைத்து ஓய்ந்து, சாகட்டும் என்று தன்னை வெறுத்த எலியாவை ஓரேபு மலையில் சந்தித்தபோது, ஆண்டவர் பெருங்காற்றிலோ நிலநடுக்கத்திலோ தீயிலோ இல்லை. அவற்றுக்குப் பின்வந்த மெல்லிய ஒலியில்தான் இறைவாக்கினர் அவரை உணர்ந்து முகத்தை மூடிக்கொண்டார். களைத்தவரிடம் எவ்வாறு பேசவேண்டும் என்பது கடவுளுக்குத் தெரிந்திருக்கிறது.

திருவெளிப்பாட்டு நூலில் ஆண்டவர் கதவருகே நின்று தட்டுகிறார். திறந்தால் உள்ளே வந்து உடன் உணவருந்துவார். ஆங்கில ஓவியர் ஹோல்மன் ஹண்ட் 1850-களில் இக்காட்சியைத் தீட்டினார். அவ்வோவியத்தில் கதவின் வெளிப்புறத்தில் கைப்பிடி இல்லை. உள்ளிருப்பவர்தான் திறக்கவேண்டும். அனைத்தையும் படைத்தவர் ஒரு மனிதனின் விருப்பத்துக்காக வாசலில் காத்து நிற்கிறார். அன்றிரவு நாங்களும் ஒரு கதவைத் தட்டினோம். மகன் மூன்று முறை வந்து திறந்தான். வாசலில் யாரும் இல்லை.

இவ்வாண்டுத் திருவிழாவுக்கு முன்னர் கூடிய விழாக்குழுவில் நான் இதனை எடுத்துச் சொன்னேன். சிலர் முகம் சுளித்தனர். "ஒரு நாள் கூத்துதானே ஐயா, அதுவும் வேண்டாம்னா திருவிழா எதுக்கு?" என்று ஓர் இளைஞர் கேட்டார். அவர் கேள்வியிலும் நியாயம் இருந்தது. ஆண்டு முழுவதும் கூலிவேலையில் குனிந்தவர்கள் ஒருநாள் நிமிர்ந்து ஆட விரும்புவது பாவமா? என்னிடம் உடனே விடை இல்லை. பங்குத்தந்தை ஒன்றும் தீர்ப்பளிக்கவில்லை. ஒலிப்பெட்டி அமைக்கும் தம்பியை அழைத்து, "சோதனைக்குப் பாட்டுப் போடும்போது, நீ அந்த வீட்டுக்குள்ளே போய் நின்னு கேட்டுட்டு வா" என்றார்.

அவனுடன் நானும் சென்றேன். அம்மையாரின் கட்டிலருகே நின்றோம். வெளியே பாடல் தொடங்கிற்று. அவன் எதுவும் பேசாமல் சுவரில் உள்ளங்கையை வைத்தான். அலமாரியிலிருந்த எவர்சில்வர் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிச் சிணுங்கின. இரண்டு நிமிடம் அப்படியே நின்றவன், "இங்க இவ்வளவு வருதுன்னு தெரியாதுய்யா" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். மதிலை ஒட்டியிருந்த தாழ்சுருதிப் பெட்டிகளில் சிலவற்றை வண்டியில் ஏற்றிவிட்டான். எஞ்சியவற்றைத் தெருவின் மறுகோடிக்கு மாற்றி, இரவு 10 மணிக்கு நிறுத்திவிடுவதாகத் தானே சொன்னான். தேர் புறப்படும்போது பறையும் மேளமும் முழங்கட்டும் என்று இளைஞர்கள் கேட்டதை எல்லாரும் ஏற்றோம். சென்ற ஆண்டுபோல் இல்லை என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆடியவர்களும் உண்டு.

முரசுக்கு மதிப்பளித்த அந்நாளில், மோசிகீரனார் என்னும் புலவர் களைப்பு மிகுதியால், வெறுமையாய்க் கிடந்த முரசுகட்டிலில் அறியாது ஏறி உறங்கிவிட்டார். அக்குற்றத்துக்கு வாளால் தண்டனை. நீராட்டிய முரசோடு ஆள்கள் திரும்பிவரும் வேளையில், சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை புலவரைக் கண்டான். வாளை எடுக்கவில்லை. விசிறி எடுத்து, அவர் விழிக்கும்வரை வீசிக்கொண்டு நின்றான். புறநானூறு போற்றிவைத்த இந்நிகழ்ச்சியை வகுப்பறையில் பல ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன். முரசு தரும் பெருமையைவிட ஒருவரின் உறக்கத்தைக் காப்பது பெரிதென்று ஓர் அரசன் அறிந்திருந்தான் என்பது, இவ்வளவு காலம் கழித்தே எனக்கு உறைத்தது.

தேர்ப்பவனி இரவில் சிறிது நேரம் அந்த வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்திருந்தேன். பாடகர் குழுவின் பெண்பிள்ளைகள் பாடத் தொடங்கினர். உள்ளிருந்து அம்மையாரின் குழறிய குரல் கேட்டது. தட்டுகிறார்கள் என்று சொல்லப்போகிறாரோ என்று எனக்கு ஒரு கணம் நெஞ்சு திக்கென்றது.

"தம்பி, அந்த ஜன்னலைத் திறந்து விடச் சொல்லு. பாட்டு சரியாக் கேக்கலை."